சாவி இல்லாத வண்டி

இந்த டிராக்டருக்குச் சாவி கிடையாது.
ஸ்டியரிங்கைத் தண்டோடு உருவி
பக்கவாட்டுச் சக்கரத்தில் செருகிச் சுழற்றினால்தான்
ஒற்றை சிலிண்டர் இருமும்.
பிறகு அதை ஓடிப்போய் இருக்கைக்கு முன் நட வேண்டும்.

ஸ்டியரிங் யாரிடமோ வண்டி அவர் வசம்.
முப்பத்தோரு வருஷம் கோட்ஹில்ஃப்
அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான்
படுக்கப் போனார்.

அடக்கம் முடிந்து, செருப்பில் கல்லறை மண்ணோடு
கட்டிலடியில் குனிந்தாள் இர்ம்கார்ட்.
ஹோஹென்லோஹேயில் அன்றைக்கு மூடுபனி.
ஊதுவிளக்கால் எஞ்சின் மண்டையைச் சிவக்கச் சுட்டு
இரண்டு கையாலும் ஒரு வீச்சு.

பிடித்துக்கொண்டது, தலைகீழாக.
அப்படியும் சில நாள் சுற்றும் அது.
முன் கியர் போட்டாள்.
வண்டி பின்னால் போய்
களஞ்சியக் கதவைத் தள்ளித் திறந்தது.

அணைக்கவில்லை.
கழுத்தைத் திருப்பி
அப்படியே ஓட்டினாள்
பால் சங்கம் வரை.

சர்ச் வாசலில்
கறுப்புக் கோட்டுகள் இன்னும் கலையவில்லை.