ஒற்றைக் கோடு

அறிவியல் உன்னை ஏன் ஈர்க்கிறது,
முந்நூறு சொற்களுக்குள், என்று கேட்டிருந்தது விண்ணப்பம்.
இருநூற்றுத் தொண்ணூற்றெட்டில் பொய் சொன்னேன்.
மிச்சமிருந்த இரண்டில் உண்மையை எழுதியிருக்கலாம்:
ஐஸ்கிரீம் கடை.
தூக்குப்பாலத்தடியில் போன கோடை முழுக்கச்
சுரண்டிச் சுரண்டி மணிக்கட்டு வீங்கியிருந்தது.
ஆய்வகத்திலோ மணிக்குப் பதினான்கு டாலர்,
உட்கார நாற்காலி.

டுலூத்தில் ஜூன் கோடையல்ல,
ஏரி விடும் மூச்சு.
பனிமூட்டத்தைத் துளைத்துக்கொண்டு
பல்கலைக்கழக மேட்டுக்கு ஏறும் என் பேருந்து.
கீழே, இரும்புத்தாது ஏற்ற வந்த கப்பல்
கண்ணுக்குப் படாமல் கனைக்கும்.

எனக்குக் கொடுத்தது தட்டைப்புழு.
வெட்டிப் போட்ட நகத்துண்டளவு, பழுப்பு,
மாறுகண்போல் இரண்டு புள்ளிகள்.
ஒரு வாரம் பட்டினி போட்டு,
பனிக்கட்டிமேல் விரித்த வடிதாளில் கிடத்தி,
பிளேடால் தலையை எடுக்க வேண்டும்.
புதுத் தலை முளைக்கும். கேள்வி இவ்வளவுதான்:
குளிர்காலத்தில் சாலைக்குக் கொட்டும் உப்பு
ஓடையில் கலந்தால் தலை தாமதிக்குமா?

பக்கத்து மேசை ஓரின் பெலாஞ்சே,
பள்ளி ஹாக்கி அணியின் கோல்கீப்பர்,
புருவத்தில் ஏழு தையல்.
முதல் தலையை எடுத்ததும் வெளியே போய்
வாந்தியெடுத்துவிட்டு வந்தான்.
மூன்றாம் வாரம் இருவரும்
மதியச் சாண்ட்விச்சைப் பற்றிப் பேசிக்கொண்டே வெட்டினோம்.
அதில் எனக்கு இன்னும் முழுச் சமாதானமில்லை.

இத்சியார், பில்பாவோக்காரி,
மூன்று வருட ஒப்பந்தத்தில் இரண்டு தீர்ந்தவள்,
நோட்டைக் கொடுக்கும்போது சொன்னாள்:
பேனாதான். தப்பென்றால் ஒற்றைக் கோடு.
அடித்தது படிக்கத் தெரியணும்.
பக்கத்தில் உன் பெயர்ச்சுருக்கம், தேதி.

ஜூலை ஒன்பது.
ஒப்பீட்டுக்கென்று வெட்டாமல் விட்ட தட்டு.
நேற்று பன்னிரண்டு.
இன்று பதின்மூன்று.
மறுபடி எண்ணினேன். பதின்மூன்று.
"போட்டதே பன்னிரண்டு. பதின்மூணாவது
எங்கேயிருந்து வரும்? கண்ணைத் தூக்கம் கட்டுது உனக்கு."
ஓரின் சொன்னதில் நியாயம் இருந்தது.
13-ஐ அடித்தேன். 12 என்று எழுதினேன். சி.லா.
அத்தனை சுலபமாக இருந்தது.
அதுதான் பிறகு உறுத்தியது.

அன்று மாலை எல்லோரும் போனபின்
சிவப்பு விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.
ஏழு நாற்பது பேருந்து போயிற்று.
எட்டரை பேருந்தும்.
பிறகு ஒரு புழு
வாலைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு
முன்னால் நகர்ந்தது.
வால் வரவில்லை. தலை நிற்கவில்லை.
நடுவுடல் மென்ற சூயிங்கம்போல் நீண்டது,
நூலானது,
இல்லாமல் போனது.

முன்பாதி தன்பாட்டுக்கு விளிம்போரம் ஊர்ந்தது.
பின்பாதி, கண்ணில்லாமல், வாயில்லாமல்,
அவசரமே இல்லாமல் கிடந்தது.
நான் என் பிளேடைப் பார்த்தேன்.
பெட்டியில் இன்னும் நாற்பது இருந்தன.

நோட்டைத் திறந்தேன்.
கோட்டுக்கு அடியில் 13 தெளிவாகவே தெரிந்தது.
இப்போது 12-ஐ அடித்தேன். மறுபடி 13.
கீழே புதுவரி: 14, இரவு ஒன்பது பத்து.
இரண்டு கோடு, இரண்டு சி.லா.,
பார்க்கச் சகிக்காத பக்கம்.

காலையில் இத்சியார் எட்டிப் பார்த்தாள்.
"ஓ, அது தானாகவே பிளக்குமே.
சொல்ல மறந்துட்டேன்."
காப்பி எடுக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்டில் போஸ்டர் நாள்.
நாங்கள் கரைத்த அளவு உப்பில்
தலைகள் ஒரே நாளில்தான் முளைத்தன.
ஒளிரும் மீன் வைத்திருந்த பக்கத்துப் பையனிடம்தான் கூட்டம்.
டை கட்டிய ஒருவர் எங்களிடம் நின்றார்:
"அப்படியானால் ஒன்றும் கிடைக்கவில்லையா?"
"ஒன்றுமில்லை," என்றான் ஓரின்,
பந்தைத் தடுத்தவன்போல் நிமிர்ந்து,
"எழுபத்திரண்டு தலை வெட்டியும் ஒன்றுமில்லை."

வெட்டாத தட்டின் கடைசிக் கணக்கு பத்தொன்பது.
யாரும் கேட்கவில்லை.
வலது மூலையில், பொடி எழுத்தில்
போட்டு வைத்திருந்தேன்.