அறுபது கிராம்

சாண் வயிறு என்பார்கள்.
எனக்கு இப்போது சாண் இல்லை.
இரண்டு விரல் அகலத்தில் ஒரு குழாய்,
கத்தரித்து எடுத்த கையுறை விரல்போல.
மிச்சத்தை என்ன செய்தீர்கள் என்று
கரகாந்தா மருத்துவமனையில் கேட்டேன்.
ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள்.
பசியும் அதோடு போயிருக்கிறது,
சொல்லிக்கொள்ளாமல்.

தெமிர்தாவ் உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறேன்.
எத்தனை டன் தாங்கும் என்று
ஒவ்வொரு கிரேனின் நெற்றியிலும் எழுதியிருக்கும்.
என்னுடையது எண்பது.
எனக்கான எண் குளிர்சாதனப் பெட்டிக் கதவில்,
காந்தத்துக்கு அடியில்:
அறுபது கிராம்.
நகத்தளவு துண்டு. முப்பது மெல்லல்.
சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது.

வடிகட்டிய எலும்புச் சாறு,
பிறகு கைக்குழந்தைகளின் கூழ்ப் புட்டி,
பிறகு அவித்த முட்டையில் பாதி.
ஏழாம் வாரம் கோழி.
பதினொரு முறை மென்றேன்,
தொலைபேசி அடித்தது, விழுங்கிவிட்டேன்.
அது நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது
வாடகை தராத ஆள்போல.
குளியலறைத் தரையில் மண்டியிட்டு
நுரை நுரையாய்த் துப்பினேன்.
யெர்தென் கதவுக்கு வெளியே நின்று
"வரட்டுமா" என்றான்.
"வராதே" என்றேன்.
அவன் போகவும் இல்லை.

பத்தாம் வாரம்
கொழுந்தனின் குழந்தைக்குத் தொட்டில் விருந்து.
பெஷ்பர்மக்: ஐந்து விரல் என்று பொருள்.
மாவுத் தாள்களின் மேல் குதிரைக் கறி,
அதன் மேல் வெங்காயம், எல்லார் முகத்திலும் ஆவி.
எங்களுக்குக் கறி ஒரு பேச்சு.
யாருக்கு இடுப்பெலும்பு, யாருக்குத் தலை,
தட்டைப் பார்த்தே உறவைச் சொல்லலாம்.
வேண்டாம் என்றால்
கறியை மட்டும் வேண்டாம் என்பதாகாது.

விருந்தின் கடைசியில் அசாத்து:
மூத்தவர் மிச்சக் கறியை அள்ளி
இளையவர் வாயில் ஊட்டுவார்.
யெர்தெனின் சித்தப்பா செய்த்கான்
நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது ஆண்டு இருந்தவர்.
அந்தக் கை நிறைய என்றால்
அது என் மூன்று நாள் சாப்பாடு.

முன்பென்றால் வாங்கிக்கொண்டு
விரலையும் சேர்த்துச் சூப்பியிருப்பேன்.
"உல்ஜான் இருக்கும்போது மிச்சம் ஏது"
என்று சிரிப்பார்கள்.
அந்தப் பேரையும் ஆய்வகத்துக்கு அனுப்பியாயிற்று.

அவர் கையிலிருந்து
ஒரே ஒரு நார் உருவினேன்.
வாயில் வைத்தேன்.
ஒன்று. இரண்டு.
மேசை அடங்கியது.
ஏழில் உப்பு வந்தது.
பன்னிரண்டில் ஏதோ ஒரு புல்லின் வாசம்.
நாற்பத்து மூன்று வயதில்
எத்தனை குதிரை தின்றிருப்பேன்,
இதுவரை நின்று பார்த்ததில்லை.
பத்தொன்பது.
செய்த்கான் கையை இறக்கவில்லை.
இறக்கினால் அவமானம் யாருக்கு என்று
அவருக்கும் பிடிபடவில்லை போலும்.
கொழுப்பு மணிக்கட்டைத் தாண்டிச்
சட்டைக் கைக்குள் போய்விட்டது.
இருபத்தாறில் ஒரு பிள்ளை சிரித்தது.
முப்பது. விழுங்கினேன். காத்திருந்தேன்.
எல்லோரும் காத்திருந்தார்கள்,
எதற்கென்று தெரியாமலே.

இறங்கியது.

"மாடுதான் இப்படி அசைபோடும்"
என்றாள் யாரோ ஒருத்தி.
செய்த்கான் மிச்சத்தைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு
அடுத்த ஆளிடம் போனார்.

கிளம்பும்போது எல்லோருக்கும் சர்கித்,
விருந்தின் மிச்சம், வீட்டுக்கு.
என் பை மட்டும் கனத்தது.
கோபமா பரிவா,
கனத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

இரவு மூன்று மணி.
அறுபத்திரண்டு படிக்கு மேலே என் கூண்டு.
முன்பு நான்கு இடத்தில் நின்று ஏறுவேன்,
இப்போது இரண்டு.
கீழே கொப்பரையில் இரும்பு வெளுக்கக் கொதிக்கிறது.
பையைத் திறக்கிறேன்.
கொழுப்பு மெழுகாய் உறைந்திருக்கிறது.
பசிக்கவில்லை.
இருந்தும் ஒரு நார்.

ஒன்பது. பத்து.
வயர்லெஸில் குரல்:
"உல்ஜான், தூக்கு."
இரு என்று சொல்ல
வாய் காலியில்லை.