மூன்று கண் சுவர்

முத்தியால்பேட்டை, இரண்டாம் மாடி.
கப்பலில் வந்த வாஷிங் மெஷினுக்கு
உருண்டையாய் இரண்டு முனை.
நம் சுவருக்கோ மூன்று கண்.

"இங்கேயே வாங்கியிருக்கலாமே, மதாம்?"
"இதன் சத்தம் எனக்குப் பழக்கம்" என்றார் ஒதீல்,
வகுப்பில் படித்த தமிழில்
ஒவ்வொரு எழுத்தையும் தொட்டுத் தொட்டு.

டாங்க் தலைக்கு மேலே நாலடிதான்.
தண்ணீர் சொட்டுகிறது, பாயவில்லை.
ஒரு குட்டி மோட்டார், உப்புக்கு ஒரு வடிகட்டி.
மூன்றாம் தடவை மாடி ஏறியதில்
ஓடியது.

அலசும்போது கரண்ட் போனது.
கதவு பூட்டிக்கொண்டது.
கண்ணாடியில் ஒட்டி நின்றது ஒரு நீலச் சட்டைக் கை,
யாரையோ நிறுத்தச் சொல்வதுபோல்.

தரையில் உட்கார்ந்து காத்திருந்தோம்.
அக்கா பிலோமினா கிரைண்டர் கொண்டுபோனதைச் சொன்னேன்:
லியோனில் நாலாம் மாடி,
மூன்று முனை, இரண்டு கண் சுவர்,
முதல் ஈட்டுக்கே
கீழ்வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டது.

ஒதீல் சிரிக்கவில்லை.
"மாவு?" என்றார்.
"ஆட்டி முடித்துத்தான் கதவைத் திறந்தாளாம்."

பதினொன்றே காலுக்குக் கரண்ட் வந்தது.
மெஷின் கனைத்துக்கொண்டு சுற்றியது.
கீழே யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

பில்லில் எழுதினேன்:
அடாப்டர் நூற்றிருபது. மோட்டார் தனி.