இடக்கையின் தடம்

எத்தனை கோப்பை, எத்தனை சதவீதம் என்று
பியர்க் கடையில் சண்டை போடுகிறார்கள்.
என்னைக் கேட்டவர் இல்லை.
பகலில் பால் ஆலையில் மூடி முறுக்குகிறேன்.
ஆட்ட நாள் இரவுகளில்
உடெனா அரங்கின் வளையத்துக்குக் கீழே
துடைப்பானோடு குந்தியிருக்கிறேன்.
யாராவது விழுந்தால் ஓடுவேன்.
விழுந்த இடத்தில்
ஓர் ஆள் அளவுக்கு ஈரம் இருக்கும்.

பதினோரு வருடம், ஏழு பயிற்சியாளர்கள்.
கீழேயிருந்து பார்ப்பவளுக்கு
முதலில் தெரிவது ஷூ.
கத்துகிறவர்களின் ஷூ பளபளக்கும்.
ஒருவர் நாற்காலியை உதைப்பார்,
அது என் பக்கமாகத்தான் வரும்.
இன்னொருவர் பலகையில் அம்பு அம்பாய் வரைந்து தள்ளுவார்,
பாதி அம்பு பறப்பதற்குள் சங்கு ஊதிவிடும்.

ஸ்கிர்மாந்தாஸின் ஷூவில்
இரண்டு கயிறும் வேறு வேறு நிறம்.
முதல் வருடம் அவரைச் சோம்பேறி என்றே நினைத்தேன்.
எதிரணி அடுத்தடுத்து ஒன்பது புள்ளி போடும்,
டைம் அவுட், டைம் அவுட் என்று கூட்டம் தொண்டை கிழியும்,
மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்
யார் வீட்டுப் பாலோ பொங்குகிறது என்பதுபோல்.
பிறகு ஐவரில் எவனாவது ஒருவன்
மற்ற நால்வரையும் பனியனைப் பிடித்து இழுத்து
வட்டமாக நிறுத்துவான்.
அப்போதுதான் அவர் உட்காருவார்.

ஜனவரியில் ஓர் அமெரிக்கப் பையனைக் கழற்றிவிட்டார்கள்.
முழங்கால் வீக்கம். இரண்டு வரி மின்னஞ்சல்.
இவர் கார் குளிரில் கிளம்பாமல்
என் கொழுந்தன் வண்டியை இரவல் வாங்கி
விடிகாலை மூன்று மணிப் பனியில்
வில்னியஸ் விமான நிலையம்வரை அவரே ஓட்டிப்போனார்.
என்ன பேசினார்களோ.
பின்சீட்டில் ஒற்றைக் கையுறை கிடந்தது.
டொலீடோவுக்குத் தபால் செலவு
ஒரு ஜோடிக் கையுறையைவிட அதிகம் என்றாள் தபால்காரி.
அனுப்பினார்.

மார்ச் கடைசியில் கடலோர அணியோடு ஆட்டம்.
ஒரு புள்ளி பின்னால், எட்டு நொடி மிச்சம்.
பெஞ்சுக்கு முன்னால் யாருடைய வியர்வையோ,
நான் முழங்காலில்.
பலகையை மடியில் வைத்தார்,
மார்க்கரின் மூடியைக் கழற்றினார்,
காயுஸிடம் நீட்டினார்.
பத்தொன்பது வயது, நகம் கடிக்கிற பையன்.
"உள்ளே நிற்பவன் நீ. உனக்கு என்ன தெரிகிறது?"
கீச் கீச்சென்று அவன் வரைந்தான்.
அவர் பார்த்தார்.
ஒரு கோட்டைக்கூடத் திருத்தவில்லை.
பந்து அம்பு சொன்ன இடத்துக்கே போனது.
அங்கே வேறொருவன் கை இருந்தது.
சங்கு.

பேட்டியில் சொன்னார்:
"நான் வரைந்தது. தப்பாக வரைந்தேன்."
களைத்துப்போன மூளை என்று எழுதியது பேப்பர்.
பியர்க் கடையில் அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பலகை துடைக்க என்னிடம்தான் வரும்.
இடக்கைக்காரன் வரைந்தால்
கை தன் கோட்டின் மேலேயே ஏறிப் போகும்.
ஒவ்வொரு அம்பின் வாலிலும் நீலம் இழுபட்டிருந்தது,
ஒரு மூலையில் சுண்டுவிரல் ரேகைகூட.
ஸ்கிர்மாந்தாஸ் வலக்கையால் சூப் குடிப்பவர்.

கதவருகே ஈரத் தலையோடு காயுஸ்.
"துடைச்சாச்சா?"
"அப்பவே," என்றேன்.
பலகை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.
அவனுக்கும் அது தெரிந்திருக்கும், என் முதுகு அவ்வளவு அகலமில்லை.

அடுத்த வெள்ளி, நாலாவது கால் மணி,
மறுபடி மூடி கழன்ற மார்க்கர்
மறுபடி அவன் பக்கம் நீள்கிறது.
அவன் கை எழும்பவில்லை.
நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.
அவர் நீட்டிய கையை மடக்கவுமில்லை,
பேசவுமில்லை.
மை காய்ந்துகொண்டிருந்தது.

வாங்கினானா, ஜெயித்தோமா
என்பதெல்லாம் பியர்க் கடையில் கேளுங்கள்.
அந்தப் பக்க வளையத்தடியில் ஒருவன் விழுந்திருந்தான்.
நான் ஓடவேண்டியிருந்தது.