வடக்குப் பக்கம்

முதலில் கோவேறு கழுதைகளின் தடம்.
பிறகு ஆரஞ்சுப் பெட்டிகளும் ஐஸ்கட்டியும் ஏற்றிய லாரிகள்.
பிறகு இரண்டு தடத்தில் தார்;
ஓரங்களில், ‘நீச்சல் குளம் உண்டு’ என்று
நியானில் எழுதிவைத்த விடுதிகள்.

ஐம்பத்தெட்டில்
குளிரூட்டிய அறையொன்றில் யாரோ
வரைபடத்தின்மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தார்.
சிவப்புப் பென்சில்.
தாளில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டர்,
தரையில் நானூறு அடி.

எங்கள் பெரியம்மா டெல்ஃபினா பர்ராசா
துணி உலர்த்தும் கொடிக்கு அடியில்
ஒருநாள் காலை ஒரு முளைக்குச்சி நின்றது,
தலையில் ஆரஞ்சு நாடா கட்டிக்கொண்டு.
பிடுங்கி அடுப்பில் வைத்தாள்.
மறுநாள் அதே குழியில் இன்னொன்று.
பதினொன்று எரித்தாள் என்பார்கள்.
பன்னிரண்டாவதோடு காசோலை வந்தது.

நகரம் பாலைக்குள் கால் நீட்டிக்கொண்டே போனது.
நான்கு தடம் ஆறாயிற்று, ஆறு எட்டாயிற்று.
நடுத்திட்டில் அரளி வைத்தார்கள்:
ஆடும் தின்னாது, வெயிலும் தின்னாது.
‘இத்தோடு நெரிசல் தீரும்’ என்றார்கள் ஒவ்வொரு முறையும்.
அதைக் கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்தது நெரிசல்.

பொய் சொல்ல மாட்டேன்,
எனக்குச் சோறு போடுவதும் இந்தச் சாலைதான்.
அகலப்படுத்தும்போது குறுக்கே நிற்கிற
சவாரோக் கள்ளிகளைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவது என் வேலை.
சட்டம் அப்படி.
ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, கழுத்தில் வில்லை உண்டு,
ஒரு வருஷத்துக்குத் தண்ணீர்க் கணக்கு உண்டு.
வேரறுக்கும் முன்
அதன் வடக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவோம்.
புதுக் குழியிலும் அந்தப் பக்கம் வடக்கே பார்க்க வேண்டும்.
மாறிவிட்டால்
நூறு வருஷம் வெயில் படாத தோல்
ஒரே கோடையில் வெந்துபோகும்.

வேலைக்குச் சேர்ந்த முதல்நாள்
மேஸ்திரி அனக்லெட்டோ இதைச் சொன்னபோது
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
என்ன, என்றார்.
ஒன்றுமில்லை, என்றேன்.

பெரியம்மாவுக்குக் கிடைத்தது மூன்றாம் மாடி.
இருந்த ஒரே சன்னல் மேற்கே பார்த்தது.
மதியம் மூன்று மணி ஆகும் முன்பே
கண்ணாடி முழுக்க அலுமினியத் தாளை ஒட்டிவிட்டு
அரை இருட்டில் மிளகாய் அரிந்துகொண்டிருப்பாள்.
கை ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

இப்போது அங்கே வேறு யாரோ.
சாயங்காலம்
பத்தாவது தடத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது
ஒலித்தடுப்புச் சுவருக்கு மேலே பார்த்தால் தெரியும்:
அத்தனை சன்னல்களில் ஒன்று மட்டும்
கண்ணைக் கூசவைக்கும்.