மக்கு

பன்னிரண்டை முக்காலால் வகுத்தாள் எஸ்தர் பொன்மலர்.
பதினாறு வந்தது. அழித்தாள்.
மறுபடி போட்டாள், மறுபடி பதினாறு.
இந்தத் தடவை ரப்பர் தேய்த்ததில்
தாள் கிழிந்து
அடுத்த பக்கத்து மராத்தி எழுத்து ஒன்று
எட்டிப் பார்த்தது.

சரியாத்தானே இருக்கு, ஏன் அழிக்கிற?

"வகுத்தா குறையணும்லப்பா.
பங்கு போட்டா எப்படிக் கூடும்?"

நான் தொண்ணூற்றாறு வாங்கியவன்.
தாராவி முனிசிபல் பள்ளி, தமிழ் மீடியம்,
ஏழாம் வகுப்புக் கரும்பலகையின் மூலையில்
ஒரு வாரம் அழியாமல் இருந்தது என் பெயர்.
சொன்னேன்:
பின்னத்தைத் தலைகீழாப் போடு. பெருக்கு.
அதான் விதி.

"ஏன் தலைகீழா?"

இந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டிருக்கிறேன்,
காதால் மட்டும்.
வாயால் கேட்டவன் சொரிமுத்து.
கடைசி பெஞ்சு, தோல் கிடங்கு வாடை போகாத சட்டை.
"ஏன் சார் தலைகீழா?"
"மக்கு. முட்டி போடு."
வகுப்பு சிரித்தது.
முதல் பெஞ்சிலிருந்து, எல்லோரையும் விடச் சத்தமாக, நான்.
சார் பதில் சொல்லவில்லை என்பது
இருபத்தொன்பது வருஷமாக எனக்கு உறைக்கவில்லை.

எழுதிட்டுப் படு, என்றேன்.
"சரி" என்றாள்,
ஒப்புக்கொள்ளாதவர்கள் சொல்லும் சரி.

எங்கள் சந்துக் குழாயில் நாலே முக்காலுக்குத் தண்ணீர்.
முதலில் இருமும்.
அப்புறம் துருவைத் துப்பும்.
அப்புறம்தான் வரும், அதுவும்
மோட்டார்க்காரர்கள் இழுத்தது போக நூல் மாதிரி.
டிரம்மில் பிடித்து
நீல மக்கால் மொண்டு வாளிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்.
வரிசையில் நின்ற நஜ்மா, "கித்னா ஹுவா?" என்றாள்.
பதினொண்ணு, என்றேன்.
பதினொன்றுக்கு வாளி முக்கால்கூட நிறையவில்லை.

கை அந்தரத்தில் நின்றது.

பங்கு போடுவதே இல்லை இது.
எத்தனை தடவை மொள்ளணும்,
அவ்வளவுதான்.
மக்கு சிறுக்கச் சிறுக்கத் தடவை கூடும்.

நாற்பத்தொரு வயதில்
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
சாக்கடை மூடி மேல் நின்றபடி
ஒரு பின்னம் எனக்குப் புரிந்தது.
சிரிப்பு வந்தது. சிரிப்பின் பின்னாலேயே
சொரிமுத்துவின் முட்டியும் வந்தது.

எழுப்பிச் சொல்லிவிடலாமா?
சொன்னால் அது இன்னொரு விதி.

அன்று ராத்திரி லிட்டர் பாட்டிலால்
பன்னிரண்டு அளந்து ஊற்றி
வாளிக்குள் ஆணியால் கோடு கிழித்தேன்.
மக்கின் அடியில் எழுநூற்றைம்பது என்று அச்சு இருந்தது.
விடியலில் அவள் கையில் அதைக் கொடுத்து,
கோடு வரைக்கும் நிரப்பு, எண்ணிக்கிட்டே,
என்று மட்டும் சொல்லி
நடிக்கத் தெரியாததால் சுவரைப் பார்த்து நின்றேன்.

பாதித் தூக்கத்தில் ஒன்பதை இரண்டு தடவை எண்ணினாள்.
வாளியைத் திரும்ப டிரம்மில் கவிழ்த்து
முதலிலிருந்து.
நஜ்மா என்னை முறைத்தாள்.
பதினேழில் கோட்டைத் தொட்டது.

"கணக்குல பதினாறு," என்றேன், தாங்காமல்.

மக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
வாயோரம் ஒரு சில்லு உடைந்திருந்தது.
"இது முக்கால் இல்லப்பா.
முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி.
அதான் கூடியிருக்கு."

நான் சொன்ன அதே 'அதான்'.
அவள் வாயில் அது
ஒரு கதவு திறக்கிற சத்தமாக இருந்தது.

குழாய் மெலிந்துகொண்டே வந்தது.
மக்கைத் தெருவிளக்குக்கு நேரே பிடித்து
ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்:
"அடியே இல்லாத மக்கால மொண்டா
எத்தனை தடவப்பா ஆகும்?"

தொண்ணூற்றாறு மார்க் வாயைத் திறந்தது.
மூடியது.
குழாய் காற்றை மட்டும் ஊதிவிட்டு நின்றது.
தெரியலையே, என்றேன்.

அவள் அதற்குள் குனிந்து
மொள்ளத் தொடங்கியிருந்தாள்
வெறுங்கையால்,
விரல்களை நன்றாக விரித்து.