குளக்கட்டு, வீரைமோட்டை

படிவத்தின் நான்காம் கேள்வி:
கிராமத்தின் அமைவிடம், வரலாறு. சுருக்கமாக எழுதுக.
ஐந்து வரி விட்டிருக்கிறார்கள்.

வடக்கே பாலைக்காடு.
தெற்கே உவர்வெளி, மாரியில் மட்டும் அது நீர்.
கிழக்கே வயல், நூற்றுப் பதினாறு ஏக்கர்,
அதில் நாற்பது இன்னும் சிவப்புத் தடிகளுக்கு அப்பால்.
மேற்கே குளம்.
குளத்துக்கு மேற்கே அலைகரை,
அலைகரைக்கு மேற்கே யானை.

நாலு வரி போய்விட்டது.

குளக்கட்டு அரை மைல் நீளம்.
இந்தப் பக்கத்தில் அதைவிட உயர்ந்த நிலம் இல்லை.
தண்ணீரை மறிக்கப் போட்ட மண்ணில்
ஒரு பகுதியார் ஏறி நின்று சுட்டார்கள்,
மறுபகுதியார் அதைப் பார்த்துச் சுட்டார்கள்,
பிறகு இடம் மாறிச் சுட்டார்கள்.
நாங்கள் அதற்குள் இருந்தோம்.

உள்ளே என்றால் உள்ளேதான்.
வயல் பக்கச் சரிவை ஆளுயரம் குடைந்து
மேலே பாலைக்குற்றி அடுக்கி
அறுபத்திரண்டு குடும்பத்துக்கு முப்பத்தொரு பங்கர்.
பதிவேட்டை உரப்பையில் சுற்றி
என் தலைமாட்டில் சொருகியிருந்தேன்.
மார்கழி. குளம் பதினொரு அடி.
அவ்வளவு தண்ணீரும் எங்கள் முதுகுக்குப் பின்னால்.
செல் ஓய்ந்த நேரம் சுவரில் காது வைத்தால்
விரால் புரளுவது கேட்கும் என்று
மடுத்தீன் சத்தியம் பண்ணுவார்.
எனக்கு என் நாடிதான் கேட்டது.

தையில் வெளிக்கிட்டோம்.
அதன்பிறகு நாலு மாதம்
வீரைமோட்டை வேறு வேறு இடங்களில் இருந்தது:
ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னால் ஒன்பது நாள்,
ஒரு புளியின் கீழே இரண்டு இரவு,
கடல்மணலில் எத்தனை என்று நான் எழுதவில்லை.
ஒவ்வோரிடத்திலும் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிட்டேன்.
ஆள் குறையக் குறைய
கூப்பிட்டு முடிக்க நேரம் கூடிக்கொண்டு போனது.

திரும்பி வந்த இரண்டாம் மாரி குளம் நிரம்பியது.
குற்றிகள் உக்கிப்போயிருக்க வேண்டும்,
ஏழடி ஏறவே கட்டு வியர்க்கத் தொடங்கியது.
வவுனியாவிலிருந்து வந்த எஞ்சினியர் பொடியன்
ஈரம் கண்ட இடமெல்லாம் ஒரு கொடி குத்தி
கசிவு ஒன்று, கசிவு இரண்டு என்று எழுதிக்கொண்டு போனான்.
பின்னால் வந்த சனம் சொல்லிக்கொண்டு வந்தது:
இது சோதிநாதன் ஆக்கள்.
இது மருதாயி வீடு.
"வீடோ?" என்று கேட்டான்.
ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை.
கொஞ்சத் தூரம் போனபிறகு
இலக்கத்துக்குப் பக்கத்தில் அவனும் பெயரை எழுதத் தொடங்கினான்.

அடிவரை கிண்டி எடுத்துக் களிமண் போட்டு இறுக்க வேண்டும்.
கசிவு ஒன்றுக்கு நாலு ஆள்நாள் கூலி.
அவரவர் பங்கரை அவரவரே கிண்டினார்கள்.
போத்தல் மூடி வந்தது. பற்றரி வந்தது.
பிலோமினாவுக்கு அவளுடைய மற்றச் செருப்பு வந்தது.

பதினேழாம் கசிவில் சேறு இல்லை.
தெளிந்த தண்ணீர், கீழே வல்லாரை படர்ந்திருந்தது.
திலகேஸ்வரி ஆக்கள், ஐந்து பேர்,
பதிவேட்டில் நான் இன்னும் கோடு கீறாத ஐந்து.
மண்வெட்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு பதினெட்டுக்குப் போயின.
மாலையாகியும் அந்தக் கொடி தனியே நின்றது.

அது என் பங்கருக்கு அடுத்தது.
நடுவில் ஒரு முழம் மண்.
இரவில் அவர்களுடைய சின்னவன் அந்தப் பக்கம் தட்டுவான்,
நான் இந்தப் பக்கம் தட்டுவேன்.
அவன் மூன்று என்றால் நானும் மூன்று.

சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கினேன்.
விதானையம்மா கிண்டுகிறா என்று
இரண்டு பேர் வந்து மண் தந்தார்கள்.
களிமண்ணைப் போட்டு மொங்கானால் இடித்தேன்.
மூன்று இடி, பிறகு ஒரு நிறுத்தம்.
மூன்று இடி.
களைப்பு என்று நினைத்து மடுத்தீன் தண்ணீர் கொண்டுவந்தார்.

கூலிப் பட்டியலில் பதினேழுக்கு நேரே
திலகேஸ்வரியின் பெயரை எழுதினேன்.
கையொப்பம் எங்கே என்று கணக்காய்வு இன்னும் கேட்கிறது.

படிவத்தில் மிச்சம் ஒரு வரி.
எழுதினேன்:
குளக்கட்டு திருத்தப்பட்டுள்ளது. தற்போது கசிவு இல்லை.